ஜவுபர் சேரின் சிங்களம்

ஜவுபர் சேருக்கு ஐந்து சிங்களச் சொற்கள் தெரியும். அவற்றில் இரண்டுக்கு ஒரே கருத்து. ஆனால் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் கடலோரமாக யாரை நிறுத்திக் கேட்டாலும், “சிங்களமெண்டா நம்மட ஜவுபர் சேர்தான்” என்று கையைக் கல்முனைப் பக்கம் நீட்டுவார்கள்.

இந்தப் பெயர் அவருக்கு வந்தது எழுபத்தொன்பதாம் ஆண்டு. அப்போது அவர் அந்தக் கந்தோரில் சின்னக் கிளாக்கர். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். அதில் வேலை செய்தவர்களில் பாதிப்பேர் இன்னும் பென்சன் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் கொழும்பிலிருந்து பரிசோதனைக்கு வந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவர், கதிரையில் சாய்ந்தபடி சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார். சிங்களம் தெரிந்த பெரிய கிளாக்கர் அன்று லீவு. மற்றவர்கள் எல்லாரும் பைலுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்கள். ஜவுபருக்கு நுழைக்க ஒரு பைல் மிஞ்சவில்லை. ஆகவே தலையை ஆட்டினார். வந்தவர் சிரித்தால் இவரும் சிரித்தார். வந்தவர் குரலைத் தாழ்த்தினால் இவர் ‘ச்சு’க் கொட்டினார். புருவத்தை உயர்த்தினால், ‘சரி, சரி’ என்பதற்கு “ஹரி, ஹரி” என்றார். முக்கால் மணித்தியாலம் இப்படிப் போனது. கடைசியில் அந்த மனிதர் ஜவுபரின் தோளைத் தட்டிக் கண்கலங்கி ஜீப்பில் ஏறினார். தாயார் செத்த கதையைச் சொன்னாரா, தோட்டத்தில் வாழை சரிந்த கதையைச் சொன்னாரா என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அது பாராட்டுக் கடிதம் என்று ஜவுபரே வாசித்துச் சொன்னார்.

பெரிய கிளாக்கர் மாற்றலாகிப் போன பிறகு சிங்களக் கடிதங்கள் எல்லாம் ஜவுபருடைய மேசைக்கு வந்தன. ஜவுபர், ஜவுபர் சேர் ஆனார்.

அவர் படிக்க முயலவில்லை என்று சொன்னால் பாவம் பிடிக்கும். அம்பாறையில் பாலர் வகுப்புச் சிங்களப் புத்தகம் ஒன்று வாங்கி, மனைவி சுபைறாவுக்குக்கூடத் தெரியாமல் கக்கூஸ் கூரையில் செருகி வைத்து, நாளுக்கு ஒரு எழுத்து என்று படித்தார். பதினேழாவது எழுத்து வரும்போது முதலாவது மறந்தது. அதற்கிடையில் கரப்பான்கள் அட்டையிலிருந்து தொடங்கி, மிகுந்த ஈடுபாட்டோடு, நோன்புக்குள் முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டன. யாரிடமாவது கேட்டுப் படித்திருக்கலாம்தான். ஆனால் ஊருக்கே சிங்களப் புலவர் என்று பெயரெடுத்த மனிதன், முதல் எழுத்தை எப்படிச் சுழிப்பது என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே கடிதத்தை வாசிக்காமலே விளங்கிக்கொள்ளும் முறை ஒன்றை அவர் உண்டாக்கினார். கட்டம் போட்டிருந்தால் புள்ளிவிபரம் கேட்கிறார்கள். போன வருடத்து எண்ணில் கொஞ்சம் கூட்டி அனுப்ப வேண்டும். ஒரு பந்தி மட்டும் இருந்தால் நினைவூட்டல், சும்மா இருக்கலாம். சிவப்புக் கோடு இருந்தால் இரண்டாவது நினைவூட்டல். அப்போதும் சும்மா இருக்கலாம். பின்னால் படிவம் இணைத்திருந்தால் ஏதோ கொடுக்கப்போகிறார்கள். படிவம் இல்லாவிட்டால் கொடுக்க ஒன்றும் இல்லை, விசயம் முடிந்தது.

பதில் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், பழைய பெரிய கிளாக்கர் அலுமாரிக்குள் விட்டுப்போன சிங்களக் கடிதப் பிரதி ஒன்று இருந்தது. அதைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, கீழே லாம்பைக் கொளுத்தி, மெல்லிய தாளில் எழுத்துக்கு எழுத்துக் கீறுவார். திகதியை மட்டும் மாற்றுவார். பதினொரு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களுக்கு அந்த ஒரே பதில்தான் போனது. கொழும்பிலிருந்து ஒரு குறையும் வந்ததில்லை. வந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு தை மாதம், வாடைக்காற்று இன்னும் அடங்காத ஒரு கிழமையில், சாய்ந்தமருது றாஸிக் மிஷின் போட்டில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கூடப் போகிற ஆளுக்கு அன்று காய்ச்சல்; தனியே போயிருந்தான். அவன் மனைவி நஸ்லாவுக்கு இருபத்தாறு வயது. அவளுக்கு மூத்தவர், காக்கா அபுல் ஹஸன், சந்தியில் சைக்கிள் டயர் ஒட்டுகிறவர். அவர்தான் ஜவுபர் சேரைப் பிடித்துக் கொழும்புக்கு மனு எழுதுவித்தார்; மனுவுக்குத் தமிழே போதும் என்று சேர் தமிழில்தான் எழுதினார். எந்த நாட்டுக் கரையிலாவது ஒதுங்கியிருக்கக்கூடும். முந்தின வருடம் இரண்டு பேர் அப்படி ஒதுங்கி, தாடியும் மீசையுமாக உயிரோடு வந்து இறங்கியிருந்தார்கள்.

மூன்றாம் மாதம் ஏழாம் திகதி பதில் வந்தது. கந்தோர்ப் பியோன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாதவன். ஜவுபர் சேர் உறையைக் கிழிக்குமுன் அபுல் ஹஸனும் நஸ்லாவும் றாஸிக்கின் உம்மா ஹாஜறாவும் வந்து மேசைக்கு முன்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தங்கள் தங்கள் அலுவலை மறந்துவிட்டு இருபது பேர்.

“கடுதாசி வந்திரிக்காமே சேர்?”

“வந்திரிக்கி. பொறுங்க.”

ஒரு தாள். மூன்று பந்தி. நடுவில் றாஸிக்கின் அடையாள அட்டை இலக்கம். அது எண் என்பதால் வாசிக்க முடிந்தது. தாளைத் திருப்பினார். உறைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினார். படிவம் இல்லை.

‘நாளைக்கு ஆறுதலாக வாசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தார். ஆனால் சிங்களம் தெரிந்த மனிதனுக்கு ஒரு தாளை வாசிக்க எதற்கு ஒரு இரவு? இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் வியர்வை படிந்தது. துடைப்பதற்காகக் கழற்றினார்.

அவ்வளவுதான் அவர் செய்தது.

“யா அல்லாஹ், என்ட மகன்!” என்று ஹாஜறா நிலத்தில் விழுந்தாள்.

பின்னால் நின்ற பெண்கள் தொடங்கிவிட்டார்கள். நஸ்லா அழவில்லை. அவள் ஜவுபர் சேரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சேர், நீங்க செல்லுங்க. கடுதாசி என்ன செல்லுது?”

அவர் கடிதத்தைப் பார்த்தார். கடிதம் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. “இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்” என்றார். அது அரபு, மரணச் செய்திக்கு ஓதுவது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இறந்த நாள் தெரியாதபடியால் செய்தி வந்த நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் புருஷனை இழந்தவள் இத்தா இருக்கவேண்டிய கணக்கு என்று பள்ளிவாசல் லெவ்வை சொன்னார். நஸ்லா வெள்ளை உடுத்துக்கொண்டு, வெளி ஆண்கள் முகம் காணாமல் உள்ளறைக்குள் இருக்கப் போனாள். அந்த அறைக்கு ஒரு யன்னல். அதையும் அடைத்தார்கள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய விருந்தில் ஜவுபர் சேருக்கு முதல் சஹன் தட்டில் இடம் கொடுத்தார்கள். இறைச்சி பதமாக இருந்தது. “ஒரு கடுதாசிய வாசிச்சிச் செல்ல அந்த மனிசன் எவ்வளவு மனவருத்தப்பட்டாரு, கண்ணாடியக் கழட்டித்தாரு” என்று பக்கத்தில் ஒருவர் சொன்னதை அவர் மறுக்கவில்லை. வந்த கடிதத்துக்கு, வழக்கம்போல் லாம்பைக் கொளுத்தி, பதிலையும் கீறி அனுப்பியிருந்தார்.

ஐந்தாம் மாதம் பத்தொன்பதாம் திகதி இன்னொரு கடிதம் வந்தது. ஒரு பந்தி. அதன் கீழே சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே 1994.05.31 என்று திகதி. தலைப்பில் றாஸிக்கின் அடையாள அட்டை இலக்கம்.

முறைப்படி இது இரண்டாவது நினைவூட்டல். சும்மா இருக்கலாம். ஆனால் மௌத்தான மனிதனுக்கு என்ன நினைவூட்டல்?

“என்ன, சோத்தப் போட்டு அளையிறீங்க? கறி புடிக்கல்லியா?” என்றாள் சுபைறா.

“கறி நல்லம்.”

“அப்ப முகம் என்னத்துக்கு இப்பிடி இரிக்கி? சம்பளத்த வெட்டிட்டானா?”

அவர் கையைக் கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். மருதமுனையில் சாலிஹ் என்றொரு கைத்தறிச் சாரம் வியாபாரி இருந்தான். கண்டி, மாத்தளைப் பக்கம் மாதக்கணக்கில் சுற்றிச் சாரம் விற்கிறவன். சிங்களம் கதைக்கவும் தெரியும், வாசிக்கவும் தெரியும். ஜவுபர் சேர் போனபோது அவன் மறுநாள் பயணத்துக்குச் சாரக் கட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

“சாலிஹ், நீ சிங்களம் வாசிப்பியாமே?”

“என்ன சேர் பகிடியா? ஏதோ சாரம் விக்கிற அளவுக்கு. உங்களுக்கு முன்னால நான் என்னத்த வாசிக்கிற?”

“கந்தோர்ல மொழிபெயர்க்கிற ஆள் ஒருத்தர் எடுக்கப் போறாங்க. உன்ட பேரக் குடுக்கலாமா எண்டு யோசிக்கன். அதுக்கு ஒரு சின்னப் பரீட்ச.”

சாலிஹ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி சம்மணம் கட்டினான். ஜவுபர் சேர் முதலில், சோதித்துப் பார்ப்பதற்காக, தான் பதினொரு வருடமாகக் கீறி அனுப்பிவரும் பிரதியை நீட்டினார். சாலிஹ் வாசித்தான். பிறகு சிரித்தான்.

“இது ஆரோ லீவு கேட்டு எழுதின சேர். பொஞ்சாதிக்கு அஞ்சாவது புள்ள பொறக்கப் போகுதாம். பதினாலு நாள் லீவு வேணுமாம்.”

ஜவுபர் சேரின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு தடவை அந்த அம்மா ஐந்தாவது பிள்ளையைப் பெற்றிருக்கிறார். கொழும்பும் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

“ம். பத்துக்கு ஏழு.”

“மூணு எதுக்குச் சேர் வெட்டின?”

“சிரிச்சதுக்கு. இந்தா, இத வாசி.”

இரண்டாவது கடிதத்தை சாலிஹ் மெதுவாக, விரலை வைத்து வாசித்தான். பாதியில் நிமிர்ந்து பார்த்தான். ஜவுபர் சேர், ‘மேலே போ’ என்று தாடையை ஆட்டினார்.

“இது நம்மட சாய்ந்தமருது றாஸிக்கிட விசயம் போல இரிக்கே சேர். ஆள் ஹயாத்தோட இரிக்காரு எண்டு முந்தி எழுதின கடுதாசிக்கு உங்கட கந்தோர்ல இருந்து சரியான மறுமொழி வரல்லியாம். பொறதேசத்து ஆசுப்பத்திரியில கிடந்து இப்ப சுகமாகித்தாராம். ஆனா கையில ஒரு பத்திரமும் இல்ல. பொஞ்சாதி, இல்லாட்டிக் கூடப்பொறந்த ஆரும், கலியாணப் பதிவு, பொறப்புப் பத்திரம் எல்லாம் எடுத்துக்கிட்டு கொழும்புக்கு வந்து, இவரு எங்கட ஆள்தான் எண்டு கையெழுத்து வெக்கணுமாம். முப்பத்தோராம் திகதிக்குள்ள. அதுக்குப் பொறகு, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆளெண்டு பதிஞ்சி, அந்த நாட்டுக்காரன் தன்ட சட்டப்படி செஞ்சிருவானாம்.”

சுவரில் இருந்த பல்லி ஒன்று நகர்ந்தது. ஜவுபர் சேர் அதை மிகக் கவனமாகப் பார்த்தார்.

“இதுக்கு எத்தின சேர்?”

“எட்டு.”

“அப்ப அந்த வீட்டுக்குச் செல்லியாச்சாக்கும்?”

இந்த இடத்தில் ஒரு மனிதன் ‘இல்லை’ என்று சொன்னால் போதும். ஒரு சொல். ஜவுபர் சேர் சொன்னார்: “அது எப்பயோ செல்லியாச்சி.”

“அல்ஹம்துலில்லாஹ். நல்ல காலம் அந்தப் புள்ளைக்கு” என்று சாலிஹ் மூட்டைக்குத் திரும்பினான். மாசி மாதமே மலைநாட்டுக்குப் போய் அப்போதுதான் வந்திருந்தவன். இத்தாவைப் பற்றி அவனுக்குத் தெரியாது. விடியற்காலை பஸ்ஸில் அவன் இரண்டு மாதத்துக்குப் போய்விட்டான்.

அடுத்த நாள் ஜவுபர் சேர் சாய்ந்தமருதுக்குச் சைக்கிள் மிதித்தார். போகும் வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். ‘எனக்குச் சிங்களம் தெரியாது தம்பி. றாஸிக் உசிரோட இரிக்கான்.’ இரண்டே வசனம். இரண்டாவது வசனத்தை மட்டும் சொல்ல வழியிருக்கிறதா என்று பார்த்தார். சொன்ன உடனே, அப்போது முதல் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். முதல் வசனம் இல்லாமல் இரண்டாவது நிற்கவில்லை. முதல் வசனத்தையோ அவருடைய வாய் பதினைந்து வருடமாகச் சொல்லிப் பழகவில்லை.

அபுல் ஹஸன் நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டார். சோடா எடுப்பித்தார். உள்ளறைக் கதவில் சீலை தொங்கியது. அதற்குப் பின்னால் நஸ்லா இருந்தாள்.

“என்ன சேர், வெயிலுக்குள்ள இவ்வளவு தூரம்?”

“தம்பி, கொழும்பில இருந்து இன்னொரு கடுதாசி வந்திரிக்கி.” ஜவுபர் சேர் சோடாவைக் குடித்தார். “நஸ்லா நேரடியாப் போய் ஒரு கையெழுத்துப் போடணும். முப்பத்தோராம் திகதிக்குள்ள. கட்டாயம்.”

“என்னத்துக்குச் சேர் கையெழுத்து?”

அப்போது அவருக்கு ஒரு வழி தெரிந்தது. உண்மையைச் சொல்லாமலே அவளைக் கொழும்புக்கு அனுப்பிவிடலாம். போனால் அங்கே எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அவரும் தப்பலாம், றாஸிக்கும் தப்பலாம்.

“மௌத்தப் பதியிறத்துக்கு” என்றார்.

அபுல் ஹஸன் யோசித்தார். “இத்தாவில இரிக்கிற புள்ளைய எப்பிடிச் சேர் பஸ்ஸில ஏத்துற? நான் லெவ்வைக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டித்து ஓடி வாறன்.”

அவர் போனதும் கூடத்தில் ஜவுபர் சேரும் சோடாப் போத்தலும் மட்டும் இருந்தார்கள். சீலைக்குப் பின்னால் வளையல் இல்லாத கை ஒன்று நகர்ந்த சத்தம்.

“சேர்.”

“செல்லுங்க மகள்.”

“ஒண்டு கேக்கட்டா? முதல் வந்த கடுதாசியில, அவரு எப்பிடி மௌத்தான எண்டு எழுதியிருந்திச்சா? கனநேரம் தண்ணிக்குள்ள கஷ்டப்பட்டாரா, இல்லாட்டிச் சுருக்கா முடிஞ்சித்தா? படுத்தா அதுதான் யோசின. உம்மாக்கு முன்னால கேக்க ஏலா.”

கூடத்தில் வேறு யாரும் இல்லை. சீலை ஒரு முழத் துணிதான். ஜவுபர் சேர் வாயைத் திறந்தார். இரண்டு வசனமும் நாக்கின் நுனிவரை வந்து வரிசையாக நின்றன.

“கஷ்டப்படல்ல எண்டு எழுதியிருந்திச்சி” என்றார். “தூக்கத்தில மாதிரியாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் நஸ்லா. பிறகு, “அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத்துச் செய்யணும் சேர்” என்றாள்.

அபுல் ஹஸன் மூச்சிரைக்க வந்தார். “மௌத்துப் பதியிற வேலதானே, அது ஓடிப்போகாது, இத்தா முடியட்டும் எண்டு செல்றாரு. உசிர் போற காரியமெண்டாத்தான் வெளிக்கிடலாமாம். இது அப்பிடி ஒண்டும் இல்லியே?”

“இல்ல” என்றார் ஜவுபர் சேர். “ஹரி.”

மிச்சம் பதினொரு நாள் இருந்தது. அதில் ஒன்பது நாள் அவர் காலையில், கந்தோர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாய்ந்தமருதுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார். அபுல் ஹஸனின் டயர்க் கடை தெரிகிற வளைவு வரைக்கும் போவார். அங்கே சைக்கிள் நிற்கும். பிறகு திரும்பும். எட்டாம் நாள் அவர் ஹாண்டிலில் கையை வைக்கவே இல்லை, சைக்கிள் தானாகவே அந்த வளைவில் திரும்பியது என்று அவர் பிற்காலத்தில் சொன்னதுண்டு. பொய் சொல்லிப் பழகிய மனிதர். ஆனால் இதை நம்பலாம். கடைசி இரண்டு நாளும் மழை. முப்பத்தோராம் திகதி வெள்ளனவே கந்தோருக்குப் போய், மாலை நாலேகால் மணி வரைக்கும் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலேகாலுக்குக் கந்தோர் பூட்டப்பட்டது. கொழும்பிலும் அதே நேரத்துக்குத்தான் பூட்டுவார்கள்.

ஏழாம் மாதம் இத்தா முடிந்தது. மூன்றாம் நாள் அபுல் ஹஸன் வந்து நின்றார்.

“சேர், அந்தக் கையெழுத்த வெச்சித்து வந்திருவம். வாற திங்கள் மூணு சீற் புக் பண்ணியிரிக்கன்.”

“மூணு என்னத்துக்கு?”

“நீங்க இல்லாம அங்க ஆரு எங்களுக்குக் கதைக்கிற?”

ஜவுபர் சேருக்குப் பல்வலி வந்தது. அபுல் ஹஸன் கராம்புத் தைலம் கொண்டுவந்தார். மூச்சு முட்டு வந்தது. அதற்கும் ஒரு குளிசை கொண்டுவந்தார். இடுப்புப் பிடித்தது. பஸ்ஸில் முன் சீற்றாக மாற்றினார். உபகாரம் செய்கிற மனிதரிடமிருந்து தப்புவது வெகு கஷ்டம்.

கொழும்புக் கந்தோரில் மூன்றாம் மாடி. மேசையில் ஒரு பெண் உத்தியோகத்தர். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, இரக்கமுள்ள முகம். ஜவுபர் சேர் கடிதத்தை நீட்டினார். இலக்கத்தைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்தேவிட்டார். அலுமாரியைத் திறந்து ஒரு பைலை எடுத்துக்கொண்டு வந்து, ஜவுபர் சேரைப் பார்த்துச் சிங்களத்தில் விடாமல் கதைத்தார். ஜவுபர் சேர் தலையை ஆட்டினார். அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். ஜவுபர் சேர் ‘ச்சு’க் கொட்டினார்.

“என்னவாம் சேர்?” என்றார் அபுல் ஹஸன்.

“அனுதாபம் செல்றாங்க.”

அந்த அம்மா பைலை நஸ்லாவின் பக்கம் திருப்பி வைத்தார். உள்ளே ஒரு படம் ஒட்டியிருந்தது. ஆசுப்பத்திரிச் சட்டை, கன்னம் ஒட்டிய முகம், தாடி. மார்புக்கு நேரே ஒரு சிலேட்டைப் பிடித்திருந்தான். சிலேட்டில் சோக்குக் கட்டியால் ஒரு இலக்கமும் திகதியும். நஸ்லா எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். படம் பார்க்கவும் எண் வாசிக்கவும் யாருடைய உதவியும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

“காக்கா,” என்றாள். “இது அவரு.”

அபுல் ஹஸன் குனிந்தார்.

“நாலாம் மாசம் பத்தொன்பது எண்டு போட்டிரிக்கி காக்கா. நான் மூணாம் மாசம் இத்தாவுக்குப் போயித்தன்.”

“சேர்!” அபுல் ஹஸனின் குரல் மூன்றாம் மாடி முழுக்கக் கேட்டது. “கேளுங்க சேர், ஆள் இப்ப எங்க எண்டு கேளுங்க! சுருக்கக் கேளுங்க!”

ஜவுபர் சேர் வாயைத் திறந்தார். ஐந்து சொல்லும் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஐந்தையும் எப்படி மாற்றி மாற்றி அடுக்கினாலும் ‘எங்கே’ என்ற கேள்வி அதில் வரவில்லை.

“எனக்குச் சிங்களம் தெரியாது தம்பி.”

“இது பகிடி உடுற நேரமில்ல சேர்.”

“பகிடி இல்ல. எனக்குத் தெரியாது. எப்பயும் தெரியாது.”

அபுல் ஹஸன் அவரைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அறையைச் சுற்றி, “இஞ்ச தமிழ் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இரிக்கீங்களா?” என்று கத்தினார்.

தேத்தண்ணித் தட்டோடு போய்க்கொண்டிருந்த பியோன் நின்றார். பெயர் புண்ணியமூர்த்தி, ஊர் திருக்கோவில். தட்டை மேசையில் வைத்துவிட்டு அந்த அம்மா சொல்வதைக் கேட்டார். நாலரை மாதமாக நடவாத காரியத்தை ஐந்து நிமிடத்தில் முடித்தார்.

“கவலப்படாதீங்க எண்டு என்னால செல்ல ஏலா தங்கச்சி. முப்பத்தோராம் திகதி வரைக்கும் வெச்சிருந்தாங்களாம். இந்த அம்மா தன்ட பொறுப்பில கேட்டு, இன்னும் ரெண்டு கிழமை தவண வாங்கியிருக்கா. ஒருத்தரும் வரல்ல. பிறகு ஊர்பேர் இல்லாத ஆக்களோட சேத்து, எல்லைக்கு அங்கால ஒரு முகாமுக்கு லொறியில ஏத்தித்தாங்களாம். அந்த முகாம்ல பேர்ப்பட்டியல் வெக்கிறல்ல. மூணு தரம் எழுதிக் கேட்டிருக்கா. மறுமொழி இல்ல.”

“இனி என்ன செய்ற?” என்றார் அபுல் ஹஸன்.

“இன்னொருக்கா எழுதுறாவாம். வந்தா உங்கட கந்தோருக்கு அறிவிப்பாவாம்.”

அந்த அம்மா படத்தைப் பைலிலிருந்து பிய்த்துத் தர முடியாது என்று சொன்னார். நஸ்லா இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க விட்டார். தேத்தண்ணி ஒன்றையும் அவள் பக்கம் தள்ளினார். அது ஆறும்வரைக்கும் நஸ்லா படத்தைப் பார்த்தாள்.

வெளியே பெஞ்சில் வந்து இருந்தார்கள். அபுல் ஹஸன் படிக்கட்டில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். ஜவுபர் சேர் அடி விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் அவரை அடிக்கவில்லை.

“சேர்,” என்றாள் நஸ்லா. “அவரு இப்ப ஹயாத்தா, மௌத்தா?”

“தெரியாது மகள்.”

“நான் இப்ப ஆருட பொஞ்சாதி?”

“தெரியாது.”

“தூக்கத்தில மாதிரி எண்டு செல்லினீங்களே. அது?”

“அது நான் செல்லினது.”

அவள் தலையை ஆட்டினாள். “இனி வாற கடுதாசிய ஆரு வாசிக்கிற?” என்று கேட்டாள். அது அவரிடம் கேட்டதுபோல் இல்லை.

மறுநாள் காலை திரும்பிவரும் பஸ்ஸில் மூன்று சீற்றும் பக்கத்துப் பக்கத்தில். முன்னமே புக் பண்ணியது. யன்னலோரம் நஸ்லா, நடுவில் அபுல் ஹஸன், நடைபாதையோரம் ஜவுபர் சேர். பத்து மணித்தியால ஓட்டம். அம்பாறைக்கு இப்பால், பொழுது சாய்கிற நேரம், சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் ஏறிச் சிங்களத்தில் ஏதோ உரத்துக் கேட்டான். பஸ்ஸில் இருந்த கல்முனைச் சனம் முழுவதும் ஒருசேரத் திரும்பி ஜவுபர் சேரைப் பார்த்தது.

“என்னவாம் சேர் கேக்கான்?” என்றார் முன் சீற்றுக்காரர்.

“தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது.”

“ஓம் ஓம், சேருக்குச் சிங்களம் தெரியாதாம்!” என்று அந்த மனிதர் தொடையில் தட்டினார். பஸ் முழுக்கச் சிரித்தது. சிப்பாய்கூட, என்னவென்று விளங்காமலே, கொஞ்சம் சிரித்தான்.

அபுல் ஹஸன் மூன்று அடையாள அட்டைகளையும் எடுத்து நீட்டினார். சிப்பாய் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நஸ்லா திரும்பவில்லை. யன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயல். பஸ் மறுபடி வெளிக்கிட்டபோது கல்முனைக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.